தபால்பெட்டியில் இல்லாத பெயர்

எங்கள் கட்டடத்தில் பதினான்கு குடும்பங்கள். கீழே வாசலில் பதினான்கு தபால்பெட்டிகள். ஆனால் வீட்டு இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். எத்தனையாம் மாடி, எந்தக் கதவு என்று உறையில் எழுதும் வழக்கம் இந்த நாட்டில் இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரி கடிதத்தைப் போடுவாள். பெயர் இல்லையென்றால், நீங்கள் மேலே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும், இப்படி ஒருவர் இங்கே இல்லையென்று கடிதம் திரும்பிப் போய்விடும். மன்னாரில் எங்கள் தபால்காரர் உறையை முழுதாக வாசித்ததே கிடையாது. "மரிசாலின்ர மூத்தவனுக்கு" என்று யாரிடமாவது கொடுத்துவிடுவார், அது பின்னேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். வந்த புதிதில் இந்தப் பெட்டிக் கதை எனக்குப் புதினமாக இருந்தது. பிறகு அது பயமாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, பெயர் ஒட்டியபடி இருக்கிறதா என்று இன்றைக்கும் பார்க்கிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்றால் தகப்பனின் பெயர். என் பெட்டியில் சந்தியோகு என்று இருக்கிறது. சந்தியோகு என் தகப்பன் இல்லை, தாய்மாமன். தகப்பனின் பெயர் மரிசால்.

அது எப்படி வந்தது என்பதை இருபத்திரண்டு வருடமாக என் மனுசியைத் தவிர யாருக்கும் நான் சொல்லாமலே இருந்தேன். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கார்த்திகையில் ரேகன்ஸ்பூர்க் என்ற பழைய நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஃபிராவ் லெஹ்னர். எழுபது கடந்த ஜேர்மன் மனுசி. வருடா வருடம் நத்தாருக்கு எனக்கு ஒரு வாழ்த்து மட்டை அனுப்புகிறவர், நான் ஒருநாளும் நேரில் பார்த்திராதவர். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற எனக்கு, வேலைக்கு வேண்டிய ஜேர்மன் மட்டும் வரும். நீளமான கடிதம் என்றால் மகள் மெலனிதான் வாசிக்க வேண்டும். அவள் பல் வைத்தியரிடம் ஔஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடி வாசித்தாள்.

"அன்ரன் எண்டவற்ற கல்லறையில மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கினமாம். வாற தை மாதத்தோட இருபது வருசம் முடியுதாம். அது வரிசைக் கல்லறையாம், தவணை நீட்ட ஏலாதாம். வசந்தத்தில இடிச்சு நிலத்தை மட்டமாக்கிப்போடுவினமாம். கல்லு வேணுமெண்டா அதுக்கு முன்னம் எடுக்கட்டாம். மார்கழியில ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குச் சேமக்காலை ஒஃபீசில நேரம் எடுத்து வச்சிருக்கிறா." கடிதத்தை மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆர் அப்பா அன்ரன்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒராள். முந்தி இங்க இருந்தவர்."

என் மனுசி கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்ரன் என் அண்ணன். என்னிலும் ஐந்து வயது மூத்தவன். எண்பத்தைந்தில் இருவரும் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கினோம். அங்கிருந்து மேற்கு பெர்லின், பிறகு ஒரு பெரிய அகதி கேம்ப். அந்தக் கேம்பில் ஒவ்வொரு கட்டிலிலும் எங்களைப் போல வந்த ஒரு 'வக்கீல்' இருந்தார். அண்ணன் தம்பி என்று சொன்னால் ஒருவனுக்கு நிராகரித்தால் மற்றவனுக்கும் நிராகரிப்பு என்றார் ஒருவர். ஒரே தகப்பன் பெயர் இருந்தால் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்றார் இன்னொருவர். அண்ணன் சிரித்தான். "உண்மையைச் சொல்லுவம். நாங்கள் என்ன, ஆட்டைக் களவெடுத்திட்டே வந்தனாங்கள்?" என்றான். நான் தலையாட்டினேன். ஆனால் விசாரணைக்கு முதல் இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அண்ணனை ஒரு அறைக்கும் என்னை அடுத்த அறைக்கும் கூப்பிட்டார்கள். தகப்பன் பெயர் கேட்டபோது என் வாயில் மாமாவின் பெயர் வந்தது. இந்த நாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதே நேரத்தில் அடுத்த அறையில் அண்ணன், "என்ர தம்பி வெளியில நிக்கிறான்" என்று சொல்லியிருக்கிறான்.

அவனைப் பொய்யனாக்கியது நான்தான். அவன் சொன்ன தம்பியைக் கடதாசியில் காணவில்லை. என்னை ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலும் அவனைப் பயேர்ன் மாநிலத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். அப்போது எங்கள் அனுமதிக் கடதாசியில், இந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். தாண்டுவதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்க்க வருவதற்கு இரண்டுதரம் விண்ணப்பித்தான். உறவு நிரூபிக்கப்படவில்லையென்று இரண்டுதரமும் மறுத்துவிட்டார்கள். அதற்கும் அவன் என்னை ஏசவில்லை. எழுதினான்: "நீ பயந்தவன் எண்டு எனக்குத் தெரியாதே? சின்னனில கடலுக்கை கால் வைக்கவும் என்ர சாரத்தைப் பிடிச்சுக்கொண்டுதானே நிண்டனி. விடு. நத்தாருக்கு ஒருக்கா களவா எண்டாலும் வா. இந்த ஊர் நல்ல வடிவு. கல்லுப் பாலமொண்டு இருக்கு. அதில ஒரு கல்லு மனுசன், நெற்றியில கை வச்சுக்கொண்டு ஆரோ வாறானோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறான். உன்னைத்தான் பாக்கிறானாக்கும்."

நான் போகவில்லை. ரயிலில் பொலிஸ் ஏறினால் என்ன செய்வது என்று யோசித்தே அந்த நத்தார் போனது. தை மாதம் வீதி முழுக்கக் கண்ணாடிபோல உறைபனி. அண்ணன் சைக்கிளில் போனபோது வழுக்கி ஒரு லொறிக்குள் போய்விட்டான். அவனது பயணப் பெட்டிக்குள் இருந்த கடிதங்களில் என் முகவரியைக் கண்டுபிடித்து ஃபிராவ் லெஹ்னர் எழுதியிருந்தார். அடக்கத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அனுமதி கேட்க வெளிநாட்டவர் அலுவலகம்வரை போனேன். வாசலில் இலக்கம் எடுத்துக்கொண்டு இருந்தேன். இறந்தவர் உனக்கு என்ன முறை என்று கேட்டால் என்ன சொல்வது? அண்ணன் என்றால் முதலில் சொன்னது பொய்யாகும். என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

அம்மா ஊரிலிருந்து ஒரேயொரு கேள்விதான் எழுதிக் கேட்டிருந்தா. "தம்பி, நீ அண்ணனுக்கு மண் போட்டனியே?" எங்களுக்குள் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் இரத்த உரித்துள்ளவர்தான் முதல் பிடி மண்ணைப் போட வேண்டும். ஓம் என்று பதில் எழுதினேன். அம்மா அதை நம்பித்தான் கண்ணை மூடினா.

பிறகு அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றப் பல பொய்கள் வேண்டியிருந்தது. கடதாசிகள் எல்லாம் சந்தியோகு என்ற பெயருக்கே வந்து சேர்ந்தன. கலியாணம், பிள்ளைகள், கடைசியில் ஜேர்மன் பாஸ்போட் எல்லாம் அந்தப் பெயரில்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்களுக்கும் சொல்லவில்லை. பாஸ்போட் கிடைத்த பிறகு எங்கும் போகலாம்தானே, ஏன் ரேகன்ஸ்பூர்க் போகவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை மெலனி லீவு போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். அலுவலகத்தில் கதைக்க ஆள் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். மனுசி ஒரு பெரிய பிளாஸ்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணியும், பாணுக்குள் சம்பலும் கட்டித் தந்தாள். நான் நீலக் கோப்பைத் தூக்கியதைக் கண்டு, "பாண் வாங்கப் போனாலும் முழுக் குடும்பத்தின்ர கடதாசியோடயும் போற மனுசன். செத்தவையளின்ர இடத்திலயும் ஆர் உங்களிட்ட விசா கேக்கப்போகினம்?" என்றாள். வழமையான பகிடிதான். அன்றைக்கு இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கிரைல்ஸ்ஹைம் தாண்டினால் பயேர்ன் மாநிலம் வரும். அங்கே வேலியும் இல்லை, பொலிசும் இல்லை. வயலும் பனியும் முன்னைப்போலத்தான் ஓடுகின்றன. கோப்பைத் திறந்து பாஸ்போட் இருக்கிறதா என்று பார்த்தேன். "மூண்டாந்தரம் பாக்கிறீங்கள் அப்பா" என்றாள் மெலனி. இருபது வருடம் நான் தாண்டப் பயந்த தூரம் மூன்றரை மணித்தியாலம். நூரன்பேர்க்கில் ஒருதரம் ரயில் மாற வேண்டும், அவ்வளவுதான்.

ஃபிராவ் லெஹ்னர் ஸ்டேஷனில் நின்றார். கம்பளித் தொப்பி, கையில் பனிக்குக் கூர் வைத்த ஊன்றுகோல். எங்களைக் கண்டதும் நேரே சேமக்காலைக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அவரோ, இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது, முதலில் நகரத்தைக் காட்டுகிறேன், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போகலாமா என்று ஊருக்குள் நடத்திக்கொண்டு போனார். சுற்றுலாப் பயணியைப் போல அவருக்குப் பின்னால் போனேன். ஒடுங்கிய கல் ஒழுங்கைகள். எங்கள் ஊரில் ஒருவருமே பிறந்திராத காலத்துச் சுவர்கள். நத்தார்ச் சந்தைக் கடைகளில் கறுவா வாசமும் சுட்ட இறைச்சி வாசமும் வந்தன. பெரிய கோயிலின் இரட்டைக் கோபுரங்களின் மேல்பாதியைப் பனிப்புகார் மூடியிருந்தது. அந்தக் கோயில் இராயப்பருக்கு நேர்ந்தது என்றார். இராயப்பர் பயத்தில் தன் ஆண்டவரையே மூன்றுதரம் தெரியாதென்று சொன்ன கதையை நம் சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்ளே வந்து மெழுகுதிரி கொளுத்துகிறீர்களா என்று கேட்டார். கால் குளிர்கிறது என்றேன்.

பிறகு கல்லுப் பாலம். டானூப் ஆறு கீழே இருட்டாகச் சுழித்தோடியது. பாலத்தின் மறுகரை புகாருக்குள் மறைந்திருந்தது. நடுவில் அந்தக் கல் மனிதன் சின்னதாக, உயரத்தில் குந்திக்கொண்டு, கையை நெற்றியில் வைத்திருந்தான். அண்ணன் சொன்னபடியே இருந்தான். அவன் தலையிலும் தொடையிலும் பனி கொட்டிக் கிடந்தது. அவன் பார்க்கிற பக்கம் அந்தக் கோயில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஃபிராவ் லெஹ்னர் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்லச் சொன்னார், மெலனி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். கேம்பில் இருந்தவர்களுக்குக் கோயில் மண்டபத்தில் அவர் ஜேர்மன் படிப்பித்தவராம். அன்ரன் அவருடைய வீட்டு வாசலில் பனி வழித்துக் கொடுப்பானாம். "அந்தச் சைக்கிள் என்னுடையது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறானே என்று நான்தான் கொடுத்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. பொலிசிலும் கேட்டேன், நன்றாகத்தான் இருந்தது என்றார்கள்." இருபது வருடம் அந்தக் கல்லறைக்கு ஏன் பூ வைத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

பிறகு சிரிக்க முயன்றார். "உங்களைப் பற்றி எப்போதும் என் சகோதரன், என் சகோதரன் என்பான். எனக்கு முதலில் குழப்பம். பிறகு பாதிரியார் சொன்னார், அவர்கள் பக்தியான ஆட்கள், எல்லாரையும் சகோதரன் என்றுதான் சொல்வார்கள் என்று. எவ்வளவு அழகான பழக்கம்!"

மெலனி மொழிபெயர்த்துவிட்டு, "ஓம்தானே அப்பா, நாங்களும் எல்லாரையும் அண்ணா, அக்கா எண்டுதானே" என்றாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் பொலிசும் இல்லை, மேசையும் இல்லை. ஒரு கிழவியும் என் மகளும் ஒரு கல் மனிதனும்தான். "ஓம்" என்றேன்.

சேமக்காலை அலுவலகம் சூடாக இருந்தது. மேசையில் ஒரு சின்ன நத்தார் மரம், அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கற். அங்கிருந்த பெண் நல்ல மரியாதையாகக் கதைத்தா. எங்களையும் எடுத்துச் சாப்பிடச் சொன்னா. கல்லை எடுக்க ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும், உறவினர் இருந்தால் உறவினர், இல்லையென்றால் கல்லை வைத்த ஃபிராவ் லெஹ்னர் என்றா. என்னைப் பார்த்துக் கேட்டா, "நீங்கள் உறவா?"

என் நீலக் கோப்பு மடியில் இருந்தது. அதற்குள் பாஸ்போட். அதில் என் பெயர், மாமாவின் பெயர். ஓம் என்று சொன்னால் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் கேட்டால் பொய் வெளிவரும். பொய் வெளிவந்தால் பாஸ்போட்டைப் பறிப்பார்கள், மெலனியின் ஔஸ்பில்டுங் என்ன ஆகும், வீடு என்ன ஆகும். ஒரு பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவையும் யோசித்து முடித்தேன்.

"தெரிந்தவர்" என்றேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஃபிராவ் லெஹ்னர் கையெழுத்து வைத்தார். அண்ணனின் கல் ஒரு பிறத்தி மனுசியின் கைக்குப் போய், அவர் எனக்குத் தந்த அன்பளிப்பாகத்தான் என்னிடம் வந்தது.

அது நிமிர்ந்து நிற்கிற கல் இல்லை, நிலத்தோடு படிந்து கிடக்கிற சின்னப் பலகைக் கல். மேலே மஞ்சள் ஸ்டிக்கர், கைவிட்ட சைக்கிள்களில் ஒட்டுவார்களே அதுபோல. நான் கையுறையால் பனியைத் துடைத்தேன். அன்ரன் மரிசால். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, ஒரு சிலுவை. என் தகப்பனின் பெயர் இந்த முழு ஜேர்மனியிலும் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான். வேலைக்காரர் ஒருவர் அலவாங்கு கொண்டுவந்து, உறைந்து ஒட்டியிருந்த கல்லைக் கிளப்பி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். ஃபிராவ் லெஹ்னர் கால் கடுத்து மர வாங்கிலில் போய் இருந்துவிட்டார். கல் கிடந்த இடம் பனியில்லாத நீள்சதுரமாகக் கறுப்பாகத் தெரிந்தது.

குந்தியிருந்து ஒரு பிடி மண் எடுக்கப் பார்த்தேன். மண் வரவில்லை. சீமெந்துபோல உறைந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். பொக்கற்றிலிருந்து வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்துக் குத்தினேன். பொடிகூட வரவில்லை.

"அப்பா, என்ன செய்றீங்கள்? கை வெட்டப்போகுது!"

"ஒரு பிடி மண் வேணும்."

"ஏன்?"

"போடவேணும். இருபது வருசம் பிந்திப்போச்சு."

மெலனி எனக்கு எதிரில் குந்தினாள். "தெரிஞ்ச ஒராளுக்கே இவ்வளவு?"

"உன்ர பெரியப்பா."

அவள் கல்லைப் பார்த்தாள். பிறகு வாய்க்குள் வாசித்தாள். "மரிசால்?"

"உன்ர அப்பப்பா."

"அப்ப சந்தியோகு?"

"என்ர மாமா." மிச்சத்தையும் அந்தக் குளிரில் குந்தியிருந்தபடியே சொன்னேன். கேம்ப், இரண்டு அறைகள், அம்மாவின் கடிதம். சொல்லி முடிக்கப் பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

"ஒஃபீசில சொல்லியிருக்கலாமே அப்பா. அவையள் ஒண்டும் செய்திருக்க மாட்டினம்."

"செய்வினம்."

"உங்களுக்குத் தெரியாது."

"உனக்குத்தான் தெரியாது பிள்ளை."

அவள் பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்தாள். "தள்ளுங்கோ" என்றாள். மூடியைக் கழற்றித் தாயின் தேத்தண்ணியை அந்தக் கறுத்த நிலத்தில் ஊற்றினாள். ஆவி எழும்பியது. இஞ்சி மணத்தது. சற்று நேரத்தில் மேல்மண் இளகிச் சேறானது. நான் ஒரு பிடி அள்ளினேன். சுடச்சுட இருந்தது. அதை அதே இடத்தில் போட்டேன். போட ஒரு குழியும் இல்லை, பெட்டியும் இல்லை. சேறு சேற்றின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. மெலனியும் ஒரு பிடி போட்டாள். வாங்கிலில் இருந்த ஃபிராவ் லெஹ்னர் சிலுவை போட்டுக்கொண்டார். இதுவும் எங்கள் அழகான பழக்கங்களில் ஒன்று என்று நினைத்திருப்பார். ஸ்டேஷனில் அவரைக் கட்டிப்பிடித்து விடைபெற்றபோதும் நான் சொல்லவில்லை. அடுத்த மாரியில் அவரும் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் எழுதினார்.

திரும்பும் ரயிலில் கல்லைப் பயணப் பையில் வைத்து என் காலடியில் வைத்திருந்தேன். பத்துக் கிலோ அரிசிப் பையின் பாரம். அது கொஞ்சம் நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. நூரன்பேர்க் தாண்டியதும் ரிக்கற் பார்க்க வந்தவர் தடக்கிவிட்டார். "இது யாருடையது?" என்று கேட்டார்.

சீருடை போட்டவர் கேட்டால் என் வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். அன்றைக்கு வேறு சொல் வந்தது.

"என் சகோதரனுடையது."

அவர் எங்கள் முன்னால் இருந்த வெறும் இருக்கையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த எங்கள் இரண்டு ரிக்கற்றையும் பார்த்தார். "உங்கள் சகோதரன் எங்கே? எந்த ஸ்டேஷனில் ஏறுகிறார்?"

நான் மெலனியைப் பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"ஏறவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் பையை இருக்கைக்குக் கீழே தள்ளிவிடுங்கள். ஆட்கள் விழுந்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக நான் பயந்த கேள்வி. உண்மையைச் சொன்ன பிறகு நடந்தது அவ்வளவுதான்.

கல்லை மன்னாருக்குக் கொண்டுபோய் அம்மாவின் தலைமாட்டில் வைக்க வேண்டும் என்றாள் மனுசி. அப்போது அங்கே சண்டை. ஆட்களே போக முடியாத பாதையில் கல்லை யார் கொண்டுபோவது? வீட்டுக்குள் வைக்கவும் மனம் வரவில்லை. இது கல்லறைக் கல் அல்லவா. கடைசியில் கட்டடத்தின் நிலவறையில், எங்கள் வீட்டுக்கு ஒதுக்கிய கம்பிக் கூட்டுக்குள், மாரிக்காலத்து ரயர்களுக்கும் பழைய பயணப் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு கம்பளியில் சுற்றிச் சாத்தி வைத்தேன். சண்டை முடிந்த பிறகும் அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இதை எழுதவும் எனக்குப் பயம்தான். மெலனிதான் பத்திரிகைக்கு அனுப்புங்கோ, அனுப்புங்கோ என்று நிற்கிறாள்.

நிலவறைக்கு இறங்கும் படி தபால்பெட்டிகளுக்கு நேர் கீழே தொடங்குகிறது. வேலை முடிந்து வரும்போது முதலில் பெட்டியைப் பார்ப்பேன். சந்தியோகு, பெயர் ஒட்டியபடிதான் இருக்கிறது, கடிதங்கள் வந்திருக்கின்றன. பிறகு பத்துப் படி இறங்கி, கூட்டின் பூட்டைத் திறந்து, கம்பளியை விலத்தி மற்றப் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். கல்லின் ஓரத்தில் ரேகன்ஸ்பூர்க் மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை.